இடக்கணக்கும் வாக்குக்கணக்கும்

மக்களாட்சியின் மாண்பைப் பேசும்போதெல்லாம் தமிழராகிய நாம் உத்திரமேரூரை நினைவுகூர்வது வழக்கம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற அவ்வூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. அவற்றிற்குப் பன்னூறு ஆண்டுகள் முற்பட்ட அகநானூற்றின் 77ஆம் பாடலிலேயே குடத்தினின்று ஓலை எடுக்கும் வழக்கம் உவமையாக ஆளப்பட்டிருப்பதைத் தமிழ் மாணவர் அறிவர். ஆனால், உத்திரமேரூரைப் போற்றும் நாம் அக்கல்வெட்டுகள் தரும் செய்தி ஒன்றைப் பெரும்பாலும் கவனியாது விடுகிறோம். ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. குடும்புக்கு ஒருவராக 30 பேர் தெரிந்தெடுக்கப்பட்டனர். நிலமும் கல்வியும் உடையோர்க்கே அவையில் இடமிருந்தது என்பதும் எளியோர் விலக்கப்பட்டிருந்தனர் என்பதும் மறைத்தற்குரியன அல்ல. எனினும், தகுதியுடையோர் என்று அவர்கள் வகுத்துக்கொண்ட வட்டத்தினுள் எந்தக் குடும்பும் அவையில் ஆளின்றி விடப்படவில்லை.

ஒரு தேர்தல் முடிவு வெளிவந்தவுடன் கேட்கத்தக்க வினாக்கள் இரண்டு. யார் வென்றார் என்பது முதல் வினா. யாருடைய குரல் அவையில் ஒலிக்கப் போகிறது என்பது இரண்டாம் வினா. முதல் வினாவிற்கு விடை கிடைத்ததும் பட்டாசு வெடித்து, இனிப்பு வழங்கி, மறுநாளே மறந்துவிடுகிறோம். இரண்டாம் வினாவை எவரும் எழுப்புவதில்லை. அதை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முப்பத்தொன்பதுக்கு முப்பத்தொன்பது

2024ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள் நாடாளுமன்ற மக்களவைத் தேர்தல் முடிவுகள் வெளியாயின. தமிழ்நாட்டின் 39 தொகுதிகளையும் தி.மு.க. தலைமையிலான கூட்டணி கைப்பற்றியது. இத்தகைய முழுவெற்றி நம் மாநிலத்திற்குப் புதியதன்று. 1991இல் அ.தி.மு.க.–காங்கிரஸ் அணியும், 1996இல் தி.மு.க., தமிழ் மாநில காங்கிரஸ், இந்தியக் கம்யூனிஸ்ட் ஆகியவை சேர்ந்த அணியும், 2004இல் தி.மு.க. தலைமையிலான அணியும் இவ்வாறே 39 இடங்களையும் வென்றன. 2014இல் அ.தி.மு.க. தனித்து நின்றே 37 இடங்களைப் பெற்றது. 2019இல் தி.மு.க. அணிக்கு 38 இடங்கள். ஊசல் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குச் செல்வதுபோல் நம் மாநிலத்தின் இடக்கணக்கு ஆடிக்கொண்டே இருக்கிறது.

வாக்குக்கணக்கு அவ்வாறு ஆடுவதில்லை என்பதே கவனத்திற்குரியது. 2024இல் வென்ற அணி பெற்ற வாக்குகள் ஏறத்தாழ 47 விழுக்காடு. அ.தி.மு.க. அணிக்கு 23 விழுக்காடும், பாரதிய ஜனதா அணிக்கு 18 விழுக்காடும், தனித்து நின்ற நாம் தமிழர் கட்சிக்கு 8 விழுக்காடும் கிடைத்தன. வாக்களித்த நூறு பேரில் ஐம்பத்து மூவர் வெற்றி பெற்ற அணிக்கு வாக்களிக்கவில்லை. அந்த ஐம்பத்து மூவரின் சார்பாக அவைக்குச் சென்றவர் ஒருவருமில்லை. வாக்கின் அளவுக்கேற்ப இடங்களைப் பகிர்ந்திருந்தால், தோராயமாக வென்ற அணிக்கு 18, அ.தி.மு.க. அணிக்கு 9, பாரதிய ஜனதா அணிக்கு 7, நாம் தமிழர் கட்சிக்கு 3 என்று அமைந்திருக்கும். அப்போதும் முதலிடம் பெற்ற அணி முதலிடத்திலேயே இருந்திருக்கும். ஆனால் ஏனையோர் அடியோடு துடைத்தெறியப்பட்டிருக்க மாட்டார்கள்.

இதனை ஒரு கட்சிக்குச் சார்பான வாதமாக எவரும் கொள்ள வேண்டா. 2014இல் தி.மு.க. பெற்ற வாக்கு, பதிவான வாக்குகளில் நான்கில் ஒரு பங்கிற்குச் சற்றே குறைவு. பெற்ற இடமோ பூச்சியம். பத்தாண்டு கழித்து அதே பூச்சியம் அ.தி.மு.க.வின் வாயிலில் வந்து நின்றது. அதே 2014இல் பகுஜன் சமாஜ் கட்சிக்கு இந்தியா முழுவதும் இரண்டேகால் கோடிக்கும் மிகுதியான வாக்குகள் விழுந்தன. வாக்கு எண்ணிக்கையில் நாட்டின் மூன்றாவது பெரிய கட்சி அது. ஆயினும் மக்களவையில் அதற்கு ஓரிடமும் இல்லை. அதே தேர்தலில் 31 விழுக்காட்டு வாக்குப் பெற்ற பாரதிய ஜனதா கட்சி 282 இடங்களுடன் தனிப்பெரும்பான்மை பெற்றது. இன்று இம்முறையால் மகிழ்பவர் நாளை இதே முறையால் வருந்துவர். ஆகவே இது கட்சிச் சிக்கலன்று, கணக்கின் சிக்கல்.

நம் தொகுதியின் கணக்கு

தொலைவில் செல்வானேன்? நம் பெருந்துறை இடம்பெற்றுள்ள திருப்பூர் மக்களவைத் தொகுதியையே நோக்குவோம். பெருந்துறை, பவானி, அந்தியூர், கோபிசெட்டிபாளையம், திருப்பூர் வடக்கு, திருப்பூர் தெற்கு என ஆறு சட்டமன்றத் தொகுதிகளைக் கொண்டது அது. 2024இல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் கே. சுப்பராயன் ஏறத்தாழ 4 லட்சத்து 72 ஆயிரம் வாக்குகள் பெற்று வெற்றி பெற்றார். அ.தி.மு.க. வேட்பாளர் ஏறத்தாழ 3 லட்சத்து 46 ஆயிரமும், பாரதிய ஜனதா வேட்பாளர் 1 லட்சத்து 85 ஆயிரமும், நாம் தமிழர் கட்சி வேட்பாளர் 95 ஆயிரமும் பெற்றனர். பின்னவர் மூவரின் வாக்குகளைக் கூட்டினால் 6 லட்சத்து 27 ஆயிரத்தைத் தொடும். வென்றவர் முறைப்படி வென்றார். அதில் ஐயத்திற்கு இடமில்லை. எனினும் வாக்களித்தோருள் பெரும்பாலோர் அவரைத் தேர்ந்தெடுத்தவரல்லர் என்பதும் அதே முடிவுப் பட்டியல் கூறும் உண்மையே.

இத்தொகுதியின் இயல்பையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பவானியில் ஜமக்காளம் நெய்வோர், கோபியில் நெல்லும் மஞ்சளும் விளைவிப்போர், பெருந்துறை சிப்காட்டில் பணிபுரிவோர், அதன் கழிவுநீரால் கிணறு கெடுமோ என்று அஞ்சும் அண்டை ஊரார், திருப்பூரில் பனியன் தொழிலை நம்பி வாழ்வோர் எனப் பல திறத்தார் இங்குளர். கீழ்பவானிக் கால்வாயில் கான்கிரீட் தளம் அமைப்பதா வேண்டாமா என்ற சிக்கலில் பாசன உழவர்களே இரு பிரிவினராய் நின்றதை அண்மையில் கண்டோம். இத்தனை குரல்களையும் ஒரு தொண்டை ஒலிக்க வேண்டும் என்பது, அத்தொண்டைக்கு உரியவர் எத்துணை நல்லவராயினும், அவர்மேல் ஏற்றப்படும் பெருஞ்சுமையாகும்.

கொங்கு நாட்டின் பட்டறிவு

கொங்கு நாட்டார்க்கு இச்சிக்கல் ஏட்டறிவாக வந்ததன்று, பட்டறிவாகவே வாய்த்தது. 2009ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலில் கொங்குநாடு முன்னேற்றக் கழகம் தனித்துக் களமிறங்கியது. கோவைத் தொகுதியில் அதன் வேட்பாளர் 1 லட்சத்து 28 ஆயிரம் வாக்குகளைப் பெற்றார். திருப்பூரில் ஏறத்தாழ 95 ஆயிரம் வாக்குகள் விழுந்தன. எங்கும் ஓரிடமும் கிட்டவில்லை. அவ்வழி வந்த கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சி 2019, 2024 ஆகிய தேர்தல்களில் தி.மு.க. கூட்டணியில் சேர்ந்து, உதயசூரியன் சின்னத்தில் நின்று, நாமக்கல் தொகுதியை வென்றது. தனித்து நின்றபோது அக்குரல் அவையின் வாயிலையே எட்டவில்லை. அணியில் சேர்ந்தபோது உள்ளே அமர இடம் கிடைத்தது. இந்திய யூனியன் முஸ்லிம் லீக் 2019, 2024 தேர்தல்களில் இராமநாதபுரத்தை வென்றதும் கூட்டணியின் துணைகொண்டே. ஒரே பகுதியில் செறிந்து வாழாது பல தொகுதிகளிலும் சிதறி வாழும் சமுதாயங்களுக்கும், தொழிற்பிரிவினர்க்கும், புதிய கருத்தினர்க்கும் இன்றைய முறையில் பெரிய கட்சியொன்றன் நிழலில் ஒதுங்குவதன்றி வேறு வழியில்லை. நிழல் தருவோரின் விருப்பத்திற்கு மாறாகப் பேசும் உரிமை அங்கு எத்துணை இருக்கும் என்பதைச் சமுதாயப் பெரியோர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

வாக்குச் சீட்டு வழியே முறையிட முயன்ற ஓர் ஊரின் வரலாறும் நமக்கு அண்மையிலேயே உள்ளது. 1996ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சித் தொகுதியில் 1033 பேர் போட்டியிட்டனர். அவருள் மிகப் பெரும்பாலோர் தங்கள் குறைகளை நாடறியச் செய்யும் பொருட்டு வேட்புமனுத் தாக்கல் செய்த உழவர்கள். வாக்குச் சீட்டு ஒரு புத்தகமாகவே அச்சிடப்பட்டது. வாக்குப்பதிவும் ஒரு மாதம் தள்ளி வைக்கப்பட்டது. தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன் வென்றார். இருவர் நீங்கலாக ஏனைய அனைவரும் டெபாசிட் இழந்தனர்; 88 பேருக்கு ஒரு வாக்குக்கூட விழவில்லை. தமக்கே வாக்களித்துக்கொள்ளாத அந்த 88 பேர், தாம் வெல்வதற்காக நிற்கவில்லை என்பதை முடிவுப் பட்டியலிலேயே எழுதிச் சென்றனர். அதற்கு அரசு கண்ட மறுமொழி யாது? அவ்வாண்டே சட்டம் திருத்தப்பட்டது. சட்டமன்ற வேட்பாளர் கட்ட வேண்டிய டெபாசிட் 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாகவும், மக்களவை வேட்பாளர்க்கு 500 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாகவும் உயர்ந்தது. கதவைத் தட்டிய கைகள் மிகுந்தமையால் கதவின் உயரம் கூட்டப்பட்டது எனலாம்.

அதே மொடக்குறிச்சியில், அதே சுப்புலட்சுமி ஜெகதீசன் 2021ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் 281 வாக்கு வேறுபாட்டில் தோல்வியுற்றார். ஒரு தெருவில் வாழ்வோர் தொகையே அவ்வளவிருக்கும். அத்தெருவார் மனம் மாறியிருப்பின் இடமும் மாறியிருக்கும். இடக்கணக்கு எத்துணை மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

லெசோத்தோ கற்ற பாடம்

இச்சிக்கலை எதிர்கொண்டு, அடிபட்டு, மாற்றுவழி கண்ட நாடு ஒன்று ஆப்பிரிக்கக் கண்டத்தில் உள்ளது. லெசோத்தோ என்பது அதன் பெயர். நாற்புறமும் தென்னாப்பிரிக்காவால் சூழப்பட்ட சிறிய மலைநாடு. மக்கள் தொகை ஏறத்தாழ 20 லட்சம். நம்மைப் போன்றே பிரித்தானியர் ஆட்சியில் இருந்த அந்நாடு, மிகுதியான வாக்குப் பெற்றவரே வென்றவர் எனும் முறையையே பின்பற்றி வந்தது.

1998ஆம் ஆண்டு மே மாதம் அங்கு நாடாளுமன்றத் தேர்தல் நடந்தது. லெசோத்தோ ஜனநாயகக் காங்கிரஸ் என்னும் கட்சி ஏறத்தாழ 60 விழுக்காட்டு வாக்குகளுடன் 80 இடங்களில் 79 இடங்களை வென்றது. நான்கில் ஒரு பங்கு வாக்குப் பெற்ற பசோத்தோ தேசியக் கட்சிக்கு எஞ்சிய ஒரே இடம் கிடைத்தது. தோற்றவர்கள் இதனை ஏற்கவில்லை; தேர்தலில் மோசடி நிகழ்ந்ததென்று கிளர்ந்தெழுந்தனர். தென்னாப்பிரிக்க நீதிபதி பையஸ் லாங்கா தலைமையிலான குழு ஆராய்ந்தது. குறைகள் பல இருப்பினும் தேர்தல் செல்லாதென்று அறுதியிட்டுக் கூற இயலவில்லை என்று அக்குழு தெரிவித்தது. ஆனால் அதற்குள் நாடு கொதித்துவிட்டது. செப்டம்பர் மாதம் தென்னாப்பிரிக்கப் படைகளும் போட்சுவானாப் படைகளும் நாட்டினுள் நுழைந்தன. தலைநகர் மசேருவின் கடைவீதிகள் சூறையாடப்பட்டுத் தீக்கிரையாயின. உயிர்கள் பல மாய்ந்தன.

தீ அணைந்தபின் அந்நாட்டார் எடுத்த முடிவே நாம் கற்கத்தக்கது. அனைத்துக் கட்சிகளும் அமர்ந்து பேசின. 80 தொகுதிகளையும் பழையபடியே வைத்துக்கொண்டு, அவற்றுடன் 40 இடங்களைப் புதிதாகச் சேர்த்தனர். வாக்கு மிகுதியாகப் பெற்றும் தொகுதிகளில் வெல்ல இயலாத கட்சிகளுக்கு, அவற்றின் வாக்கு அளவைக் கருதி, இப்புதிய இடங்கள் ஈடாக வழங்கப்படும். 2002இல் இம்முறைப்படி தேர்தல் நடந்தது. பழைய ஆளுங்கட்சியே ஏறத்தாழ 55 விழுக்காட்டு வாக்குடன் மீண்டும் வென்று, 120 இடங்களில் 77 இடங்களைப் பெற்றது. ஆனால் முன்பு ஓரிடத்துடன் நின்ற பசோத்தோ தேசியக் கட்சிக்கு இம்முறை 21 இடங்கள் கிட்டின. வென்றவர் மாறவில்லை, தோற்றவர்க்கு அவையில் அமர நாற்காலி கிடைத்தது. தெருவில் எரிந்த சினம் அவையில் வாதமாக மாறியது.

அம்முறை குறையற்றது என்று கூறுவதற்கில்லை. 2007இல் பெரிய கட்சிகள் சிறிய கட்சிகளோடு மறைமுக உடன்பாடு செய்து, தொகுதிக்கு ஒரு பெயரும் ஈட்டு இடத்திற்கு வேறு பெயருமாக நின்று, ஈட்டு இடங்களையும் கவர்ந்தன. பின்னர் சட்டம் திருத்தப்பட்டு, 2012 தேர்தலில் தொகுதிக்கும் ஈட்டு இடத்திற்கும் ஒரே வாக்கு என்றாயிற்று. ஓட்டை கண்டவிடத்து அடைத்தார்களே அன்றிக் குடத்தையே உடைத்துவிடவில்லை.

அதன் அண்டை நாடான தென்னாப்பிரிக்காவில் 1994 முதலே வாக்கு அளவுக்கேற்ப இடம் எனும் முறை நடைபெறுகிறது. 2024இல் நெல்சன் மண்டேலாவின் ஆப்பிரிக்க தேசியக் காங்கிரஸ் 40 விழுக்காட்டளவு வாக்கே பெற்றது. 400 இடங்களில் அதற்குக் கிடைத்தவை 159. முப்பதாண்டுகள் தனிப்பெரும்பான்மை பெற்றிருந்த கட்சி எதிர்க்கட்சிகளை அழைத்துக் கூட்டரசு அமைக்க நேர்ந்தது. அங்கு வாக்கும் இடமும் ஏறக்குறைய ஒன்றே.

நம் முன்னோர் எண்ணியது

இஃது அயல்நாட்டுச் சரக்கு, நமக்கு ஒவ்வாதது என்பாரும் உளர். அவர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. 1949ஆம் ஆண்டு ஜனவரியில் நம் அரசமைப்பு அவையிலேயே இவ்வினா எழுந்தது. காஜி சையத் கரிமுத்தீன் விகிதாசாரப் பிரதிநிதித்துவம் வேண்டுமென்று திருத்தம் கொணர்ந்தார். அண்ணல் அம்பேத்கர் அதனை ஏற்காமைக்குக் கூறிய காரணங்களுள் இரண்டு முதன்மையானவை. இம்முறைக்கு எழுத்தறிவு வேண்டும், அது நம் மக்களிடம் இல்லை என்பது ஒன்று. அவை பல துண்டுகளாகச் சிதறி நிலையான அரசு அமையாது போகும் என்பது மற்றொன்று.

அன்று அவை வலிவுடைய காரணங்களே. 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாட்டின் எழுத்தறிவு 18 விழுக்காடு. 2011இல் அது 70 விழுக்காட்டைக் கடந்துவிட்டது. நிலைபேறு குறித்த அச்சமோ இன்றைய முறையிலும் மெய்யாயிற்று. 1996, 1998, 1999 என நான்கு ஆண்டுகளுக்குள் மும்முறை மக்களவைத் தேர்தலைச் சந்தித்தோம். மேலும், குடியரசுத் தலைவர் தேர்தலுக்கும் மாநிலங்களவைத் தேர்தலுக்கும் நம் அரசமைப்புச் சட்டமே விகிதாசார முறையைத்தான் விதித்துள்ளது. தலைவரைத் தேர்ந்தெடுக்க ஏற்புடைய முறை, மக்கள் தம் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க மட்டும் எவ்வாறு ஒவ்வாததாகும்?

நாம் தமிழர் கட்சி 2024 தேர்தலில் ஓரிடமும் பெறவில்லை. ஆயினும் 8 விழுக்காட்டைத் தாண்டிய வாக்குகளைக் கொண்டு தேர்தல் ஆணையம் அதனை மாநிலக் கட்சியாக ஏற்பளித்தது. வாக்கைக் கொண்டு ஒரு கட்சி உளது என்று விதியே ஒப்புகிறது. ஆனால் அதற்கு வாக்களித்தோர்க்கு அவையில் இடமில்லை.

செய்யத்தக்கன

தொகுதி முறையை அடியோடு ஒழிக்க வேண்டும் என்பது என் கருத்தன்று. இன்னார் எங்கள் உறுப்பினர், அவரிடம் மனுக் கொடுக்கலாம், வினவலாம் என்னும் உறவு மதிப்புடையது. அதனை இழந்து, கட்சித் தலைமை எழுதும் பட்டியலுக்கு மட்டும் வாக்களிக்கும் நிலை வந்தால் வேறொரு கேடு விளையும். எனவே கலப்பு முறையே நமக்குத் தக்கது. சட்ட ஆணையமும் 1999இல் தன் 170ஆம் அறிக்கையில், இருக்கும் தொகுதிகளோடு கால் பங்கு இடங்களைக் கூட்டி, அவற்றைப் பட்டியல் முறையில் வாக்கு விகிதப்படி நிரப்பலாம் என்று பரிந்துரைத்தது. கால் நூற்றாண்டு கடந்தும் அவ்வறிக்கை நிலைப்பேழையில் உறங்குகிறது. அதனை எழுப்புவதற்கு வென்ற கட்சிகளுக்கு விருப்பம் இராது. தோற்ற கட்சிகளோ அடுத்த முறை தாமும் முழுவதும் வெல்லலாம் என்று காத்திருக்கின்றன. ஆகவே இவ்வினாவைக் குடிமக்களே எழுப்புதல் வேண்டும்.

சட்டம் மாறும்வரை வாளாவிருக்க வேண்டுமென்பதில்லை. வகுப்பறையில் மாணவரொருவர், "நான் முதன்முறை அளித்த வாக்கு வீணாகிவிட்டதே ஐயா" என்று கூறுவதைக் கேட்கும் ஆசிரியர், அவர் கையில் முடிவுப் பட்டியலை முழுமையாகக் கொடுத்துப் படிக்கச் செய்யலாம். வென்றவர் பெயரோடு நில்லாமல் கடைசி வரிவரை படிக்கப் பழகிய மாணவர், தம் வாக்கு எண்ணப்பட்டதையும் அது இடமாக மாறாத காரணத்தையும் உணர்வர். அடுத்த தேர்தலில் வாக்குச்சாவடிக்குச் செல்லாது வீட்டில் தங்கிவிட மாட்டார். ஊரின் பெரியோர்க்கும் ஒரு பணி உண்டு. கூட்டுறவுச் சங்கமாயினும், ஜமாஅத் நிர்வாகமாயினும், கோயில் திருப்பணிக் குழுவாயினும், வாக்கெடுப்பில் தோற்ற தரப்பினர்க்கும் ஓரிரு பொறுப்புகள் அளித்து அணைத்துச் செல்லும் நல்வழக்கம் பல ஊர்களில் உண்டு. அவ்வழக்கம் இல்லாத ஊர்களில் பிணக்கு வழக்கு மன்றம்வரை செல்வதையும் பார்க்கிறோம். பிணக்கின்றி வாழ ஊர் அறிந்த அந்த நெறியை நாடும் அறிந்துகொள்ள வேண்டும்.

தோற்றவரைத் தேற்றும் கருணையாக இதனைக் கொள்ளலாகாது. அவையில் இடமில்லாத கருத்து மறைந்து போவதில்லை. அது வேறு இடம் தேடும். மசேருவின் கடைவீதியில் அது நெருப்பாயிற்று. மொடக்குறிச்சியில் ஆயிரம் வேட்புமனுக்களாயிற்று. நம்மவர் அமைதி வழியையே தேர்ந்தனர் என்பது கொங்கு மண்ணுக்குப் பெருமை. அப்பெருமையை நம்பி அவர்தம் பொறுமையை மேன்மேலும் சோதிப்பது அறிவுடைமையாகாது. இனிவரும் தேர்தல் முடிவுகளில் எந்த அணி எத்தனை இடம் பெற்றது என்று வினவும்போதே, இடம் பெறாதவர்க்கு எத்தனை லட்சம் பேர் வாக்களித்தனர் என்றும் வினவுவோமாக. பூச்சியம் என்று எழுதப்பட்ட இடத்திலும் மக்களே இருக்கின்றனர்.